மாப்பிள்ளைக்குப் பட்டி பார்த்த கதை

பெயிண்டர் வேலை பார்த்த கார் கதவை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. பாராட்டினால் வேலையில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அடிபட்டு நசுங்கி வருகிற வண்டியை அடிபடாத வண்டியாக்கித் தருவதுதான் அவர் பிழைப்பு. வண்டிக்காரர் வருவார், வண்டியை மூன்று சுற்று சுற்றுவார், குனிவார், நிமிர்வார், கடைசியில் "என்னங்க, ஒண்ணும் பண்ண மாதிரியே தெரியலையே" என்று சலித்துக்கொள்வார். ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பெயர்தான் முதல் பரிசு.

பத்தொன்பது வருடமாக இந்தப் பரிசை வாங்கி வாங்கி மனுஷனுக்கு அலுத்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், தான் செய்த ஒரு பொருளுக்கு முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது யாரு பண்ணது?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கோப்பை வேண்டாம், மேடை வேண்டாம், கைதட்டல்கூட வேண்டாம். அந்த ஒரு கேள்வி போதும். அதற்காகத்தான் பதினான்கு மாதமாக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ரோபோவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடையில் பெட்டி போட்டு விற்கிற ரோபோ இல்லை. குப்பையில் போக வேண்டியதெல்லாம் கூடிச் செய்த ரோபோ. உடம்பு ஒரு பழைய பிளாஸ்க்கின் மேலுறை. தோள்கள் இரண்டும் ஷாம்பு மூடிகள். கழுத்து, செத்துப்போன வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய குழாய்த் துண்டு. விரல்கள் தீர்ந்துபோன பேனா ரீஃபில்கள். வலது பாதம் சோப்பு டப்பாவின் மேல் பாதி, இடது பாதம் கீழ்ப் பாதி. மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் அட்டையை பிளேடால் வெட்டி ஒட்டியது. நிற்க வைத்தால் ஒரு முழ உயரம். வீட்டில் எந்த மூடி காணாமல் போனாலும் பெயிண்டரின் மனைவி முதலில் தேடுவது ரோபோவின் உடம்பில்தான். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவள் பாதியில் திரும்பி வந்து, ரோபோவின் காதைத் திருகி எடுத்துப் பற்பசையை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"வீட்டுலயே நல்ல இடமாப் பாத்து உக்காந்துக்குது. ஒரு வேலை செய்யறதில்ல. யாரும் தொடக் கூடாது. அதுக்காக நாம ரெண்டு பேரும் தரையில உக்காந்து சாப்பிடறோம். மாப்பிள்ளை இல்லாம வேற என்ன?"

பெயிண்டரும் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளைதான். சுருக்கென்று இருந்தது. ஆனால் மூச்சு விடவில்லை. மேசை கையை விட்டுப் போய்விடுமே.

கட்டியது பாதி வேலைகூட இல்லை. அவர் உயிரெல்லாம் அதை அழுக்காக்குவதில் இருந்தது. பகலெல்லாம் பழசைப் புதுசாக்குகிற கை, வீட்டுக்கு வந்ததும் புதுசைப் பழசாக்கும். முதலில் உடம்பு முழுக்கத் துரு நிறம். அது காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, அங்கங்கே உப்பைத் தூவி, உப்பு ஒட்டிக்கொண்ட பிறகு மேலே மஞ்சள். மஞ்சள் காய்ந்தபின் கழுவிவிட்டால் உப்பு இருந்த இடமெல்லாம் பெயிண்ட் பெயர்ந்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும். பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, அதால் ஒற்றி ஒற்றிக் கீறல்கள். பிறகு தண்ணியாய்க் கரைத்த கறுப்பு, இடுக்குகளில் தேங்குகிற மாதிரி.

"இந்த மாசம் இது மூணாவது உப்புப் பாக்கெட்டு," என்றாள் மனைவி. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்னு உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லி வைங்க. வாங்கிட்டு வர்றது நானு."

துரு என்றால் கண்ட இடத்தில் அப்பிய துரு இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மாப்பிள்ளை எங்கோ ஒரு கோளில், ஒரு சுரங்க வாசலில், முந்நூறு வருடமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிற ரோபோ. வலது தோளில் பெயிண்ட் தேய்ந்திருப்பது, ஓய்வு நேரத்தில் அது அந்தப் பக்கம் சுவரில் சாய்வதால். இடது முழங்காலில் எண்ணெய் ஒழுகும், அதனால் இடது பாதம் மட்டும் கறுப்பு. முதுகில் துரு கம்மி, ஏனென்றால் அங்கே மழை முன்பக்கமாகத்தான் அடிக்கும்.

"அதெப்படி? எப்பவுமே முன்பக்கமா?"

"அது எப்பவும் மழையைப் பாத்துதான் நிக்கும்."

"ஏன்?"

"டூட்டி."



விளக்கு வேலை மனைவியுடையது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். தலைமுடி கனமே உள்ள ஒயரைப் பற்றவைப்பது அவளுக்குக் கைவந்த கலை. கண்களுக்கு இரண்டு சிவப்பு பல்பு, அரிசி மணியளவு. நெஞ்சில் உள்ளே உலை எரிகிற மாதிரி ஓர் ஆரஞ்சு. குதிகாலில் சுவிட்ச். முதன்முதலில் சுவிட்சைப் போட்டபோது கண் எரிந்தது, நெஞ்சு எரிந்தது, கூடவே தோள், தொடை, வயிறு, உள்ளங்கால் எல்லாம் சேர்ந்து எரிந்தது. பிளாஸ்டிக் மெல்லிசு, வெளிச்சம் அதன் வழியாகவே கசிந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்," என்றாள்.

உடம்பைப் பிரித்து, உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடித்து, வெள்ளித் தாள் ஒட்டி, அந்தக் காய்ச்சலை இறக்க ஒரு வாரம் ஆயிற்று. இறங்கிய கையோடு அடுத்த சண்டை ஆரம்பித்தது.

"வலது கண்ணு மட்டும் விட்டு விட்டு எரியணும்," என்றார் பெயிண்டர்.

"லூஸ் கனெக்‌ஷனா?"

"ஆமா. முந்நூறு வருஷம் ஆச்சில்ல."

"அதெல்லாம் முடியாது. என் கையால லூஸ் கனெக்‌ஷன் குடுக்க மாட்டேன். கடைப் பேரு கெட்டுடும்."

"மாப்பிள்ளை போய் யாருகிட்டச் சொல்லப் போறாரு?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள், பேட்டரியில் எரிகிற மெழுகுவத்தி ஒன்றைப் பிரித்து, அதில் சுடரை நடுங்க வைக்கிற குட்டிச் சில்லை எடுத்து வலது கண்ணில் வைத்துப் பற்றவைத்தாள்.

"இது லூஸ் கனெக்‌ஷன் இல்ல. லூஸ் மாதிரி நடிக்கிற நல்ல கனெக்‌ஷன். யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பெயிண்டருக்குத் துருப்பிடித்த குஞ்சு. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துப் பூரித்துப்போனார். சனிக்கிழமை நாலு மணிக்கு, நூலகத்து மாடி ஹாலில், பொழுதுபோக்குச் சங்கத்தின் மாடல் கண்காட்சி. அதில் சொந்தக் கையால் ஆதியோடந்தமாகச் செய்த பொருளுக்கென்றே ஒரு தனி மேசையும் போட்டியும் உண்டு. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். துருவெல்லாம் கையோடு வராமல் இருக்க, நிறமோ பளபளப்போ இல்லாத கிளியர் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு ஒர்க்‌ஷாப்பின் நல்ல ஸ்பிரே கன்தான் சரி.

இங்கே பட்டி அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தினாலும் பள்ளம் மிச்சம் இருக்கும் அல்லவா? அந்தப் பள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்து, விரலுக்கே சந்தேகம் வராதபடி சமமாக்கிக் கொடுப்பவர் அவர். அதற்கு மேல்தான் பெயிண்டர் நிறம் அடிப்பார். பதினொரு வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆனால் பேச்சு கிடையாது. கம்பிரசர் போடுகிற சத்தத்தில் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் டேப்பில் பேசிக்கொள்வார்கள். பெயிண்டர் விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார். எங்கே பள்ளம் தெரிகிறதோ அங்கே நகத்தளவு டேப்பை ஒட்டி இடது மேசையில் வைப்பார். பட்டி அண்ணன் டேப்பை உரிப்பார், அந்த இடத்தை அடைப்பார், தேய்ப்பார், வலது மேசைக்கு மாற்றுவார். பதினொரு வருடத்தில் ஒரு டேப் தவறியதில்லை. இனி நடந்ததை ஊகிக்கத் தெரிந்தவர்கள் ஊகித்திருப்பீர்கள். பெயிண்டருக்குத்தான் அன்றைக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். கிளியர் பட்டால் கண்ணும் நெஞ்சுக் கண்ணாடியும் மங்கிவிடும். ஆகவே மூன்று இடத்திலும் பொறுமையாக டேப் ஒட்டினார். வலது மேசையில் ஈரம் காயாத பானெட் ஒன்று கிடந்ததால், இடது மேசையில் வைத்தார். ஸ்பிரே கன்னைக் கழுவிக் கையில் எடுத்த நேரம் முதலாளி கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் ஒரு வாடிக்கையாளர், பம்பர் நிறமும் வண்டி நிறமும் ஒத்துப்போகவில்லை என்று குதிக்கிறாராம். நிற அட்டைகளை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பு என்றார். பெயிண்டர் போட்டது போட்டபடி ஓடினார்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. இடது மேசை காலியாக இருந்தது. வலது மேசையில், காயவைக்கிற விளக்கின் கீழே, ஏதோ ஒன்று ஃப்ரிட்ஜ் மாதிரி மின்னியது.

"தம்பி, பாத்தியா? நேரத்துக்கு முடிச்சுட்டேன்ல!" பட்டி அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

பெயிண்டருக்கு முதலில் அது என்னவென்றே பிடிபடவில்லை. சோப்பு டப்பாப் பாதங்களைப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. வெள்ளை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை. ஓர் ஆம்புலன்ஸுக்கு அடித்து மீந்த வெள்ளை. அதன் மேல் பாலிஷ் வேறு.

"போட்டி இன்னிக்குன்னு முதலாளி சொல்லித் தெரியும். பாத்தா இடது மேசையில இருக்கு, மூணு டேப்பு ஒட்டியிருக்கு, உன்னை வேற வெளிய அனுப்பிட்டாங்க. உடம்பெல்லாம் துரு, பெயிண்டு உரிஞ்சு தொங்குது, ஒரு காலுல எண்ணெய்க் கறை. பாவம், தம்பி என்னை நம்பித்தானே வெச்சுட்டுப் போயிருக்குன்னு, நானே ஒரு கோட் அடிச்சுட்டேன். கன்னு பிடிச்சுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு, ஆனா கை மறக்கல பாத்தியா."

"அண்ணே..." என்றார் பெயிண்டர். "கண்ணு எங்கண்ணே?"

"கண்ணா? அந்த ரெண்டு ஓட்டையா? டேப் ஒட்டியிருந்தியே, அடைச்சாச்சு. நெஞ்சுல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு, அதையும் அடைச்சாச்சு. தேடிப் பாரு. கண்டுபிடிச்சா நான் மீசையை எடுத்துக்கறேன்."

பெயிண்டர் தேடினார். மாப்பிள்ளையை மூன்று சுற்று சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார். கண் இருந்த இடம் தெரியவில்லை. நெஞ்சு இருந்த இடம் தெரியவில்லை. பதினான்கு மாதமும், மூன்று பாக்கெட் உப்பும், முந்நூறு வருட மழையும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

"ஒண்ணும் பண்ண மாதிரியே தெரியலண்ணே," என்றார்.

"அதான் வேணும்!" என்று பட்டி அண்ணன் அவர் முதுகில் தட்டினார்.

பெயிண்டருக்குத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. நன்றாக நாலு வார்த்தை திட்டவும் தோன்றியது. ஆனால் ஜன்னல் விளிம்பில் பட்டி அண்ணனின் சாப்பாட்டு டப்பா காலையில் வைத்தபடியே திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

சொல்லி வைத்தபடி மனைவி வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அடுக்கியிருந்த டயர்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்பத்தாங்க நிஜமாவே மாப்பிள்ளை மாதிரி இருக்காரு! பொண்ணு பாக்கக் கிளம்பிட்டாரா?"

புருஷனின் கண் கலங்கியிருப்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து உதறினாள்.

"வாங்க, போகலாம்."

"எதுக்கு? இதை வெச்சுக்கிட்டா?"

"பதினாலு மாசம் தரையில உக்காந்து சாப்பிட்டிருக்கேன். இதைக் கொண்டுபோய் அந்த மேசையில வைக்காம வீட்டுக்கு வர மாட்டேன்."

பட்டி அண்ணன் அதற்குள் கைகால் கழுவி, நல்ல சட்டைக்கு மாறி வந்து நின்றார். மற்றவர்கள் கைக்குட்டை வைக்கிற இடத்தில் அவர் மடித்த உப்புத்தாள் வைத்திருந்தார். "நானும் வரேன் தம்பி. நான் பாத்த வேலை எங்கயாவது போட்டிக்குப் போறது இதான் முதல் தடவை."

மூவருமாகப் பஸ் ஏறினார்கள். பெயிண்டர் மடியில் மாப்பிள்ளை. பக்கத்து இருக்கைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "புது மிக்ஸியா? எத்தனை வருஷம் கியாரண்டி?" என்று கேட்டார். பெயிண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் இருக்கையிலிருந்து பட்டி அண்ணன், "ஆயுசுக்கும்!" என்றார்.

மாடி ஹாலில் நல்ல கூட்டம். பாய்மரக் கப்பல் ஒன்றைச் சுற்றித்தான் பாதிப் பேர் நின்றார்கள். சொந்தக் கைவேலை மேசையில் மாப்பிள்ளையை வைத்துவிட்டு மூவரும் ஓரமாக நின்றார்கள். தலைமை நடுவர் ஒரு பல் டாக்டரம்மா. வேலை நாளில் பல் அடைப்பார், விடுமுறை நாளில் விரல் நீளத்துக்கு ரயில் எஞ்சின் செய்வார். கையில் மதிப்பெண் தாளும் குட்டி டார்ச்சுமாக ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், மாப்பிள்ளை முன்னால் நிற்கக்கூட இல்லை.

"இது இந்த மேசை இல்லைங்க. கடையில வாங்கினதை இங்க வைக்கக் கூடாது."

"கடையில வாங்கலைங்க டாக்டர். நானே பண்ணது," என்றார் பெயிண்டர்.

"இவ்வளவு வழவழன்னா? ஒரு இணைப்பு தெரியல, ஒரு தழும்பு இல்ல. இது மெஷின்ல வார்த்தது."

"கேட்டியா தம்பி, மெஷினாம்!" பட்டி அண்ணன் பூரித்துப்போய்க் காதில் கிசுகிசுத்தார்.

"உள்ள லைட்டெல்லாம் எரியும் டாக்டர்," என்று மனைவி குறுக்கே வந்து குதிகால் சுவிட்சை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, உள்ளே எல்லாம் நடந்தது, வெளியேதான் வழியில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கண்ணே இல்லையேம்மா, எங்க எரியும்?" டாக்டரம்மா பேனாவைத் திறந்து, மதிப்பெண் தாளில் மாப்பிள்ளையின் வரிசை எண்ணைத் தேடினார்.

அந்த எண்ணை அடித்துவிட்டால் கதை முடிந்தது. யாரும் குனியப் போவதில்லை, யாரும் கண்ணைச் சுருக்கப் போவதில்லை, அந்தக் கேள்வி இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை. பெயிண்டருக்கு என்ன வந்ததோ, பட்டி அண்ணனின் சட்டைப் பைக்குள் கையை விட்டு உப்புத்தாளை உருவி, மாப்பிள்ளையின் வலது தோளில் வைத்து ஒரே தேய்.

"ஐயோ, தம்பி! இப்பத்தானே காஞ்சுது!" பட்டி அண்ணன் போட்ட கூச்சலில் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள்.

வெள்ளை போயிற்று. அதன் அடியில் சாம்பல் நிறப் பிரைமர். அதன் அடியில் மஞ்சள். அதற்கும் அடியில், நல்லவேளை, துரு அப்படியே இருந்தது. ஒவ்வொரு நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, ஓரமெல்லாம் கோணலும் மாணலுமாக நின்றது. ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிச் செய்த எந்தக் கீறலும் இவ்வளவு நிஜமாக இருந்ததில்லை. இது நிஜமே அல்லவா? பூச்சின் மேல் பூச்சாக இருந்து, உண்மையிலேயே தேய்ந்தது. பெயிண்டர் தன்னை மறந்து தேய்த்தார். தோள், முழங்கால், நெற்றி. ஒவ்வொரு தேய்ப்புக்கும் பட்டி அண்ணன் தன்னைக் கிள்ளியது போல ஒரு முனகல் முனகினார்.

முகத்தில் தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்குள் ஓர் இளஞ்சிவப்பு தெரிந்தது, டார்ச்சை உள்ளங்கையால் மூடினால் தெரிகிற சிவப்பு. அது விட்டு விட்டுத் தெரிந்தது.

"எரியுது!" என்று கத்தினாள் மனைவி. "லூஸ் இல்ல, அது அப்படித்தான்!"

ஆனால் கண்குழியில் பட்டி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. உப்புத்தாள் அந்த மூலைக்குப் போகவில்லை. டாக்டரம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவரால் முடியவில்லை.

"தள்ளுங்க, நீங்க பண்ற விதம் தப்பு." கைப்பையிலிருந்து கொக்கி மாதிரி ஒரு கம்பியை எடுத்தார். டார்ச்சை மனைவி கையில் கொடுத்து, மாப்பிள்ளையின் தலையைப் பின்னால் சாய்த்தார். "லேசா வலிக்கும், பொறுத்துக்குங்க," என்றார், தொழில் பழக்கத்தில். யாருக்குச் சொன்னாரோ, பட்டி அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டக்கென்று இடது கண் அடைப்பு ஒரே துண்டாக வெளியே வந்தது. சிவப்பு வெளிச்சம் டாக்டரம்மாவின் மூக்கில் அடித்தது. வலது கண்ணும் வந்தது, நடுங்கி நடுங்கி எரிந்தது. பெயிண்டர் நெஞ்சைத் தேய்த்துத் திறந்தார், உலை தெரிந்தது. கப்பல்காரர் கப்பலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார். பெயிண்டர் மனதில் கதையும் தானாக மாறிக்கொண்டது. முந்நூறு வருடத்துக்கு நடுவில் எவனோ ஒரு மேலதிகாரி பார்வையிட வருகிறான் என்று அவசர அவசரமாக வெள்ளையடித்திருக்கிறார்கள். அவன் வரவில்லை. வெள்ளையும் தேய்ந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் டூட்டியில் இருக்கிறார்.

டாக்டரம்மா கம்பியைப் பையில் போட்டார். பிறகு குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். மாப்பிள்ளையின் நெஞ்சுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இது யாரு பண்ணது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

பத்தொன்பது வருடம். பெயிண்டர் ஒரு அடி முன்னால் வந்தார். "நான்தாங்க டாக்டர். முதல்ல துரு கலரு அடிச்சு, அதுக்கு மேல உப்பு..."

"துரு இருக்கட்டும், துரு நல்லாத்தான் இருக்கு. நான் கேக்கறது இந்த அடைப்பு. நெஞ்சைச் சுத்தி மிச்சம் நிக்குது பாருங்க, பட்டி எங்க முடியுது, பிளாஸ்டிக் எங்க ஆரம்பிக்குதுன்னு என் நகத்துக்கே தெரியல. இருபத்திரண்டு வருஷமா பல் அடைக்கறேன். எனக்கு இன்னும் இப்படி ஒரு விளிம்பு வரல. யாரு கைங்க இது?"

பெயிண்டருக்கு வயிறு எரிந்தது. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது? எரியத்தான் எரிந்தது. பதினான்கு மாதம் பாடுபட்டவன் ஒருவன், ஒரே மத்தியானத்தில் வந்து கேள்வியைத் தட்டிக்கொண்டு போகிறவன் இன்னொருவன். நான்தான் என்று சொல்லிவிடலாம். பட்டி அண்ணன் மறுத்துப் பேசுகிற ஆளே இல்லை.

திரும்பிப் பார்த்தார். பட்டி அண்ணன் தூணுக்குப் பக்கத்தில், வேலை கெட்டுப்போன முகத்தோடு, மேசையில் கொட்டிக் கிடக்கிற வெள்ளைத் தூளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வி தன்னைப் பற்றியது என்றே அவருக்குப் புரியவில்லை. புரிவதற்கு அப்படி ஒரு கேள்வியை அவர் முன்பின் கேட்டிருக்க வேண்டுமே. பெயிண்டர் வேலையையாவது குறை சொல்லவேனும் வண்டிக்காரன் குனிந்து பார்ப்பான். பட்டி அண்ணனின் வேலையைப் பார்த்த ஒரே ஆள் பெயிண்டர்தான். அவரும் பார்த்த மறுநிமிடம் மேலே நிறத்தை அடித்து மூடிவிடுவார். பதினொரு வருடத்தில் டேப் ஒட்டியதோடு சரி, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெயிண்டருக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே, இங்க வா." போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "இவருதாங்க டாக்டர். இவரு கை."

"அருமையான கைங்க," என்றார் டாக்டரம்மா. கப்பல்காரர், "எங்க, நானும் பாக்கறேன்" என்று எட்டி நகத்தால் தடவினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பட்டி அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "தெரியுதாங்கம்மா?"

"நல்லாத் தெரியுது."

"எங்க? எங்க தெரியுது?" பதறிக் குனிந்து மாப்பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். "தெரியக் கூடாதும்மா. எப்படித் தெரிஞ்சுது? ரெண்டே நிமிஷம் குடுங்க, இப்பவே சரி பண்ணிடறேன்." பெயிண்டர் கையிலிருந்த உப்புத்தாளைப் பறிக்கக் கையை நீட்டினார்.

பெயிண்டர் தாளைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியட்டும் விடுண்ணே."

"தப்பு தம்பி, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும்."

பட்டி அண்ணன் கையை உருவிக்கொள்ளத்தான் பார்த்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி ஆள் பார்த்து முடிக்கிற வரைக்கும் பெயிண்டர் அந்தக் கையை விடவில்லை.